ஸ்கிரிப்டில் நெட்வொர்க் டிரைவ் ஏறவில்லையா? அறிகுறியை வைத்துப் பிழையைப் பிடிக்கும் வழி

இரவு 2 மணிக்கு ஒரு ஸ்கிரிப்ட் ஓடுகிறது. எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து பாதுகாப்பாக உள்ளே போய்க் கட்டளை ஓட்டும் முறை) வழியாக ஒரு லினக்ஸ் சர்வருக்குள் போகிறது. அங்கிருந்து அலுவலகத்தின் விண்டோஸ் சர்வரிலோ நாஸ் பெட்டியிலோ (நெட்வொர்க்கில் மாட்டிய சேமிப்புப் பெட்டி) இருக்கும் ஷேரை, அதாவது பகிர்ந்த கோப்புறையை, மவுன்ட் செய்து (தன் கோப்புறை ஒன்றின் மேல் ஏற்றி), கோப்புகளை நகலெடுத்து, மவுன்டை அவிழ்த்துவிட்டு வெளியே வருகிறது. இதை எழுத அரை மணி நேரம் போதும். ஏன் ஏறவில்லை என்று கண்டுபிடிக்கத்தான் சில சமயம் அரை நாள் போய்விடுகிறது.

அந்த அரை நாள் அலுப்பில்தான் ஆபத்தான தீர்வுகள் உள்ளே நுழைகின்றன. பாஸ்வேர்டைக் கட்டளையிலேயே எழுதிவிடுவார்கள், கோப்புறைக்கு 777 (எல்லோருக்கும் எல்லா அனுமதியும்) கொடுப்பார்கள், ரூட் என்ற நிர்வாகியின் அதிகாரத்தில் கட்டளை ஓட்டும் சூடோவுக்குப் பாஸ்வேர்டே வேண்டாம் என்று திறந்துவிடுவார்கள், எஸ்எம்பி என்ற கோப்புப் பகிர்வு முறையின் பழைய பதிப்பான எஸ்எம்பி 1-ஐத் திரும்பவும் இயக்குவார்கள். அன்றைக்கு வேலை நடந்துவிடும். அப்புறம் அந்த வரியை யாரும் தொட மாட்டார்கள். அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் பாதுகாப்பைத் தளர்த்தாமல் சரிசெய்யும் வழியை மட்டுமே சொல்லியிருக்கிறேன். கட்டளைப் பெயர்களைப் படிக்கிற ஒலியிலேயே தமிழில் எழுதியிருக்கிறேன். நீங்கள் தட்டும்போது வழக்கமான எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

எந்த அறிகுறியானாலும் முதலில் இரண்டைப் பாருங்கள். ஒன்று, கட்டளை எந்தப் பயனராக ஓடுகிறது என்பது. ஸ்கிரிப்டின் முதல் வரியில் "ஐடி" கட்டளையைப் போட்டு, அதன் விடையை லாகில் எழுத வையுங்கள். கையால் தட்டும்போது நீங்கள் ஒருவர், குறித்த நேரத்தில் தானாக வேலையைத் தொடங்கும் கிரான் ஓட்டும்போது இன்னொருவர். இரண்டு, கெர்னல் லாக். மவுன்ட் கட்டளை திரையில் சொல்வது வெறும் எண். உண்மையான காரணம் "டிமெஸ்ஜி" காட்டும் கடைசிச் சில வரிகளில் இருக்கும்.

எரர் எதுவும் இல்லை, ஆனால் கோப்புகள் ஷேரில் இல்லை

இதை முதலில் வைக்கக் காரணம் இருக்கிறது. எரர் வந்தால் யாராவது பார்ப்பார்கள். இது எரர் இல்லாமலே நாசம் செய்யும்.

நான் பார்த்துக்கொண்டிருந்த ஒரு சின்ன அலுவலகத்தில் கணக்குக் கோப்புகளின் பேக்கப் தினமும் ஓடியது. தினமும் "முடிந்தது" என்று மின்னஞ்சலும் வந்தது. ஒரு நாள் சர்வரின் ரூட் டிஸ்க் நிரம்பி எல்லாம் நின்றபோதுதான் விஷயம் தெரிந்தது. 11 நாட்களாக மவுன்ட் ஏறவே இல்லை. பேக்கப் முழுவதும் அதே சர்வரின் சொந்த டிஸ்கில், மவுன்டுக்காக வைத்திருந்த காலிக் கோப்புறைக்குள் போய் விழுந்துகொண்டிருந்தது. அந்த 11 நாட்களில் அந்த டிஸ்க் போயிருந்தால் அசலும் நகலும் சேர்ந்தே போயிருக்கும். அந்தக் கோப்புறையை "எல்எஸ்" செய்து பார்த்தபோது கோப்புகள் எல்லாம் வரிசையாகத் தெரிந்தன. ஷேர் ஏறியிருக்கிறது என்று யாரும் நம்பியிருப்பார்கள்.

மவுன்ட் ஆகாத மவுன்ட் பாயின்ட் ஒரு சாதாரணக் கோப்புறைதான். அதில் எழுதினால் எழுதும். இதைத் தடுக்க மூன்று தாழ்ப்பாள்கள் உண்டு, மூன்றையும் போடுங்கள்.

முதலாவது, மவுன்ட் அவிழ்ந்திருக்கும் நேரத்தில் அந்தக் காலிக் கோப்புறைக்கு "சேட்டர்" கட்டளையால் ஐ குறியைச் சேர்த்துவிடுங்கள். அதன்பின் ரூட்டால்கூட அதற்குள் கோப்பு உருவாக்க முடியாது. அதன் மேல் ஷேரை ஏற்றுவதற்கோ ஏறிய ஷேரில் எழுதுவதற்கோ இது தடையாக இருக்காது. இந்த ஒரு வரி அந்த 11 நாட்களையும் முதல் நாளிலேயே எரராக மாற்றியிருக்கும்.

இரண்டாவது, எழுதத் தொடங்கும் முன் உண்மையிலேயே ஏறியிருக்கிறதா என்று கேளுங்கள். பலரும் "மவுன்ட்பாயின்ட்" கட்டளையைப் பயன்படுத்துவார்கள். பெரும்பாலும் சரி. ஆனால் சிஸ்டம்டி ஆட்டோமவுன்ட் (யாராவது தொடும்போதுதான் ஷேரை ஏற்றும் வசதி) வைத்திருந்தால் அந்தக் கோப்புறை எப்போதும் மவுன்ட் பாயின்ட்தான், சர்வர் அணைந்திருந்தாலும்கூட. கேள்விக்கு "ஆமாம்" என்றே பதில் வரும். அதனால் முதலில் ஒரு "எல்எஸ்" செய்து ஆட்டோமவுன்டை எழுப்பிவிட்டு, பிறகு "ஃபைண்ட்மவுன்ட்" கட்டளையில் சிஃப்ஸ் (எஸ்எம்பி ஷேருக்கு லினக்ஸ் வைத்திருக்கும் பெயர்) வகை என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். அந்த வகையில் அந்த இடத்தில் எதுவும் இல்லை என்றால் ஸ்கிரிப்ட் அங்கேயே நிற்க வேண்டும்.

மூன்றாவது, ஷேருக்குள் ஓர் அடையாளக் கோப்பு வைத்து, அது கண்ணில் பட்டால் மட்டும் தொடருங்கள். ஷேர் ஏறி, ஆனால் தவறான ஷேர் ஏறியிருந்தால் இதுதான் காட்டிக்கொடுக்கும்.

மவுன்ட் எரர் 13: பெர்மிஷன் டினைட்

மிக அதிகமாக வருவது இதுதான். பெயரைப் பார்த்துக் கோப்புறை அனுமதிகளை மாற்றப் போகாதீர்கள். பெரும்பாலும் கதவருகிலேயே திருப்பி அனுப்பியிருப்பார்கள். டிமெஸ்ஜி வரியில் "லாகான் ஃபெயிலியர்" என்று இருந்தால் பெயரோ பாஸ்வேர்டோ தவறு. "அக்கவுன்ட் லாக்ட் அவுட்" என்றால் கணக்கு பூட்டப்பட்டிருக்கிறது. "பாஸ்வேர்ட் எக்ஸ்பயர்ட்" என்றால் காலாவதி. "அக்சஸ் டினைட்" என்றால் மட்டுமே உள்ளே விட்டுவிட்டு அந்த ஷேருக்கு அனுமதி இல்லை என்கிறார்கள்.

லாகான் ஃபெயிலியர் வந்து, பாஸ்வேர்டு சரிதான் என்று நீங்கள் சத்தியம் செய்யத் தயாராக இருந்தால், பெயரும் பாஸ்வேர்டும் எழுதிவைத்த கிரெடென்ஷியல் கோப்பை நெருங்கிப் பாருங்கள். அதை விண்டோஸ் நோட்பேடில் தட்டி லினக்ஸுக்கு அனுப்பினீர்களா? அப்படியானால் ஒவ்வொரு வரியின் கடைசியிலும் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். மவுன்ட் அதையும் பாஸ்வேர்டின் பகுதியாகவே எடுத்துக்கொள்ளும். "கேட்" கட்டளைக்குப் பெரிய எழுத்து ஏ தெரிவைக் கொடுத்துக் கோப்பைக் காட்டச் சொல்லுங்கள். வரி முடிவில் டாலர் குறி மட்டும் நிற்க வேண்டும். அதற்கு முன்னால் ^ குறியும் எம் எழுத்தும் சேர்ந்து நின்றால் அதுதான் குற்றவாளி. "டாஸ்டுயூனிக்ஸ்" ஓட்டினால் போய்விடும். திரையில் பாஸ்வேர்டு தெரியும், பக்கத்தில் யாரும் இல்லாதபோது செய்யுங்கள்.

அதுவும் இல்லை என்றால் டொமைன். ஆக்டிவ் டைரக்டரி (அலுவலகக் கணக்குகளை ஒரே இடத்தில் வைத்திருக்கும் விண்டோஸ் சேவை) கணக்கை டொமைன் பெயர் இல்லாமல் கொடுத்தால், சர்வர் தன்னுடைய உள்ளூர்க் கணக்குகளில் அந்தப் பெயரைத் தேடும் வாய்ப்பு உண்டு. கிரெடென்ஷியல் கோப்பில் மூன்று வரிகள் இருக்கட்டும்: யூசர்நேம், பாஸ்வேர்ட், டொமைன். சமக்குறிக்கு இரு பக்கமும் இடைவெளி வேண்டாம். பாஸ்வேர்டில் காற்புள்ளி இருக்கிறது என்றால் கட்டளை வரியில் கொடுக்கவே முடியாது, ஏனென்றால் காற்புள்ளியோடு அடுத்த தெரிவு தொடங்குகிறது. கோப்பில் கொடுத்தால் பிரச்சினை இல்லை.

இன்னொன்று: 13 வந்தால் ஸ்கிரிப்ட் திரும்பத் திரும்ப முயலக் கூடாது. பாஸ்வேர்டை மாற்றிய அன்றைக்கு, 5 நிமிடத்துக்கு ஒரு முறை பழைய பாஸ்வேர்டோடு கதவைத் தட்டும் கிரான் ஒன்று போதும், கணக்கு பூட்டிக்கொள்ளும். அதே கணக்கை வேறு வேலைகளும் நம்பியிருந்தால் அவையும் விழும். நெட்வொர்க் பிழைக்கு மறுமுயற்சி சரி. 13-க்கு உடனே நிறுத்தி ஆளுக்குத் தகவல் அனுப்ப வேண்டும்.

எல்லாம் ஓடுகிறது, ஆனால் பாஸ்வேர்டு லாகில் தெரிகிறது

இதைப் பிழை என்றே பலர் எண்ணுவதில்லை. எஸ்எஸ்எச்-க்குப் பின்னால் மேற்கோள் குறிக்குள் "சூடோ மவுன்ட்" என்று தொடங்கி, பாஸ்வேர்டையும் சேர்த்து ஒரே வரியாக எழுதுகிறோம். அந்த வரி எங்கெல்லாம் பதிகிறது பாருங்கள். உங்கள் கணினியின் ஷெல் வரலாற்றில் ஒன்று. ஓடிக்கொண்டிருக்கும்போது இரு பக்கமும் "பிஎஸ்" பட்டியலில் ஒன்று. அந்த சர்வரில் கணக்கு இருக்கும் யாரும் பார்க்கலாம். எல்லாவற்றையும்விட, சூடோ தான் ஓட்டும் ஒவ்வொரு கட்டளையையும் அதன் தெரிவுகளோடு முழுதாக சிஸ்டம் லாகில் எழுதி வைக்கும். அந்த லாக் வேறொரு சர்வருக்கு அனுப்பப்பட்டால் பாஸ்வேர்டும் கூடவே போகும்.

எளிய வழி: மவுன்ட் நடக்கும் சர்வரிலேயே, ரூட்டுக்குச் சொந்தமான, 600 அனுமதி உள்ள ஒரு கிரெடென்ஷியல் கோப்பு. கட்டளையில் அந்தக் கோப்பின் பாதை மட்டும் இருக்கும். கோப்பை கிட் களஞ்சியத்தில் சேர்க்காதீர்கள். அதில் இருக்கும் கணக்கு அந்த ஒரு ஷேருக்கு மட்டும், படிக்க மட்டும் போதும் என்றால் படிக்க மட்டும், அனுமதி பெற்ற தனிக் கணக்காக இருக்கட்டும். நிர்வாகியின் கணக்கு வேண்டவே வேண்டாம்.

சர்வரின் டிஸ்கில் பாஸ்வேர்டு தங்கவே கூடாது என்றால், எஸ்எஸ்எச்-இன் உள்ளீட்டு வழியாக ஒரு வரியாக அனுப்புங்கள். அந்தப் பக்கம் ரூட்டாக ஓடும் ஸ்கிரிப்ட் அந்த வரியைப் படித்து, "பாஸ்டபிள்யூடி" என்ற சூழல் மாறியில் வைத்து, மவுன்டை அழைக்கலாம். சிஃப்ஸ் மவுன்ட் அதை அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். பிஎஸ் பட்டியலிலும் சூடோ லாகிலும் எதுவும் இருக்காது.

"சூடோ: எ டெர்மினல் இஸ் ரிக்வயர்ட்"

தொலைவிலிருந்து ஓடும்போது பாஸ்வேர்டு கேட்கத் திரை இல்லை என்று சூடோ சொல்கிறது. சூடோயர்ஸ் கோப்பில் "நோபாஸ்டபிள்யூடி" போடுவது அவசியம்தான், ஆனால் எதற்குப் போடுகிறீர்கள் என்பதில் இருக்கிறது விஷயம். "மவுன்ட்" கட்டளைக்கே போட்டு, பின்னால் நட்சத்திரக் குறியும் வைத்தால், அந்தப் பயனர் எதையும் எதன் மேலும் ஏற்றலாம். சிஸ்டத்தின் அமைப்புகள் இருக்கும் இடிசி கோப்புறையின் மேலேயே தன் கோப்புறையை ஏற்றிவிட்டால் அவர்தான் ரூட். ரூட்டுக்குச் சொந்தமான, மற்றவர் திருத்த முடியாத ஒரு சின்ன ஸ்கிரிப்டை எழுதி, அதில் சர்வர், ஷேர், மவுன்ட் பாயின்ட் எல்லாவற்றையும் நிலையாக வைத்து, அந்த ஒரு ஸ்கிரிப்டுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். அது வெளியிலிருந்து எந்தத் தெரிவையும் ஏற்கக் கூடாது.

எஸ்எஸ்எச் சாவிக்கும் இதே கடிவாளம். ஆத்தரைஸ்டு கீஸ் கோப்பில் அந்தச் சாவிக்கு முன்னால் "ரெஸ்ட்ரிக்ட்" என்றும், ஓடவேண்டிய கட்டளையையும் எழுதிவிட்டால், சாவி திருடு போனாலும் அந்த ஒரு வேலையைத் தவிர வேறெதுவும் செய்ய முடியாது. ரெஸ்ட்ரிக்ட் ஓபன்எஸ்எஸ்எச் 7.2-இலிருந்து இருக்கிறது.

எரர் 112 (ஹோஸ்ட் இஸ் டவுன்), எரர் 95 (ஆபரேஷன் நாட் சப்போர்ட்டட்)

112 வந்தால் சர்வர் அணைந்திருக்கிறது என்று படித்துவிட்டுப் பிங் செய்வீர்கள். பதில் ஜோராக வரும். 112-ஓ 95-ஓ வந்தால் பெரும்பாலும் இரு பக்கமும் எஸ்எம்பி-யின் வெவ்வேறு பதிப்பைப் பேசுகின்றன. லினக்ஸ் கெர்னல் 4.13 வரும்வரை சிஃப்ஸ் இயல்பாக எஸ்எம்பி 1-இல் பேசியது. 2017-இல் வந்த 4.13-இல் அது 3-க்கு மாறியது. அதன்பின் வந்த பதிப்புகள் 2.1-இலிருந்து மேலே எது ஒத்துவருகிறதோ அதைத் தேர்ந்துகொள்கின்றன. சாம்பா 4.11 எஸ்எம்பி 1-ஐ இயல்பாக அணைத்தது. ஆகவே இன்றைய லினக்ஸில் 112 வந்தால் எதிர்ப் பக்கம் பழைய நாஸ் பெட்டியாக இருக்கலாம். அல்லது யாரோ எப்போதோ எஃப்எஸ்டேபில் (ஏற்றவேண்டியவற்றின் பட்டியல் கோப்பு) "வெர்ஸ்" 1.0 என்று எழுதிவைத்துப் போயிருப்பார்கள்.

இணையத்தில் தேடினால் முதலில் கிடைக்கும் பதில் "வெர்ஸ் 1.0 போடுங்கள்". தயவுசெய்து போடாதீர்கள். 2017 மே மாதம் வானாக்ரை உலகம் முழுவதும் பரவியது எஸ்எம்பி 1-இன் ஓட்டை வழியாகத்தான். அதற்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது, போடாதவர்கள் மாட்டினார்கள். நாஸ் பெட்டியின் அமைப்புப் பக்கத்தில் குறைந்தபட்சப் பதிப்பு, அதிகபட்சப் பதிப்பு என்று இருக்கும். அதிகபட்சத்தை 3-க்கு உயர்த்துங்கள், முடியாவிட்டால் ஃபர்ம்வேரைப் புதுப்பியுங்கள். அதுவும் முடியாத பெட்டியென்றால் அதை மாற்றும் காலம் வந்துவிட்டது.

எஸ்எம்பி 3.0-க்கு ஏறினால் இன்னொரு லாபம், குறியாக்கம். மவுன்ட் தெரிவுகளில் "சீல்" சேர்த்தால் தரவு கம்பியில் மறைத்தே போகும். 2.1-இல் இது கிடையாது. கூடவே "நோசூயிட்", "நோடெவ்", "நோஎக்ஸெக்" மூன்றையும் சேர்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். ஷேரில் யாரோ வைத்த நிரல் உங்கள் சர்வரில் ஓட வேண்டிய தேவை என்ன இருக்கிறது?

எரர் 115, 111, 113

மூன்றும் பாதைப் பிரச்சினை. 113 என்றால் அங்கே போகும் வழியே இல்லை. 111 என்றால் போய்ச் சேர்ந்தோம், போர்ட்டில் யாரும் கேட்கவில்லை. 115 என்றால் தட்டிவிட்டுக் காத்திருந்தும் பதில் வரவில்லை. இடையில் ஃபயர்வால் சத்தமில்லாமல் விழுங்குகிறது. "என்சி" கட்டளையால் போர்ட் 445 திறந்திருக்கிறதா என்று, மவுன்ட் நடக்கும் சர்வரிலிருந்தே சோதியுங்கள். உங்கள் லேப்டாப்பிலிருந்து சோதித்துப் பயனில்லை.

சர்வர் வேறு ஊரில், இடையில் இணையம் என்றால், 445-ஐ வெளியுலகுக்குத் திறந்துவிடுவது தீர்வு ஆகாது. வயர்கார்ட் போன்ற விபிஎன் போடுங்கள். அல்லது எஸ்எஸ்எச் சுரங்கம்: உள்ளூரில் 1445 என்ற போர்ட்டை எஸ்எஸ்எச் வழியாக அந்தப் பக்கத்து 445-க்கு இணைத்து, 127.0.0.1-இல் அந்த ஷேரை, "போர்ட்" தெரிவில் 1445 என்று கொடுத்து ஏற்றலாம். லினக்ஸில் இது எப்போதும் நடக்கும். விண்டோஸ் கிளையன்டில் 445 அல்லாத டிசிபி போர்ட்டைச் சொல்லும் வசதி விண்டோஸ் 11-இன் 24எச்2, சர்வர் 2025 ஆகியவற்றில்தான் வந்தது.

எரர் 2, "ராங் எஃப்எஸ் டைப்"

2 என்றால் ஷேர் பெயரிலோ அதற்குள் கொடுத்த கோப்புறைப் பாதையிலோ எழுத்துப் பிழை. எஃப்எஸ்டேபில் ஷேர் பெயருக்கு நடுவே இடைவெளி இருந்தால் அப்படியே எழுதக் கூடாது. பின்சாய்வுக்கோடு போட்டு 040 என்று எழுத வேண்டும். "ராங் எஃப்எஸ் டைப்" என்று நீளமாகத் திட்டினால் சிஃப்ஸ் யூட்டில்ஸ் தொகுப்பை நிறுவவில்லை என்று அர்த்தம்.

ஏறிவிட்டது, படிக்கலாம், எழுத முடியவில்லை

ரூட் ஏற்றிய சிஃப்ஸ் ஷேரில் எல்லாக் கோப்பும் ரூட்டுக்குச் சொந்தமாகத் தெரியும். உங்கள் ஸ்கிரிப்ட் வேறு பயனராக எழுதப் பார்த்தால் லினக்ஸே தடுக்கும். இங்கேதான் பலர் 777-க்குப் போகிறார்கள். "யூஐடி", "ஜிஐடி" தெரிவுகளில் அந்தப் பயனரின் எண்களைக் கொடுத்து, "ஃபைல் மோட்" 0640, "டிர் மோட்" 0750 என்று வைத்தால் போதும்.

அதற்குப் பிறகும் எழுத முடியவில்லையா? அப்படியானால் தடுப்பது சர்வர். விண்டோஸில் ஷேர் அனுமதி ஒன்று, என்டிஎஃப்எஸ் அனுமதி ஒன்று, இரண்டில் எது கடுமையோ அதுதான் செல்லும். ஒன்றில் முழு அனுமதி கொடுத்துவிட்டு மற்றதைப் பார்க்காமல் விடுவது வாடிக்கை.

காலையில் ஓடுகிறது, இரவில் எரர் 126

"ரிக்வயர்ட் கீ நாட் அவைலபிள்" என்று வந்தால் நீங்கள் கெர்பரோஸ் (பாஸ்வேர்டுக்குப் பதில் தற்காலிக டிக்கெட்டைக் காட்டும் முறை) பயன்படுத்துகிறீர்கள், டிக்கெட் இல்லை. பகலில் நீங்கள் லாகின் செய்து வாங்கிய டிக்கெட்டின் மேல் ஸ்கிரிப்ட் சவாரி செய்துகொண்டிருந்தது. ஆக்டிவ் டைரக்டரியில் இயல்பாக ஒரு டிக்கெட்டின் ஆயுள் 10 மணி நேரம். காலை 9 மணிக்கு வாங்கியது இரவு 7 மணிக்கு முடிந்துவிடும்.

ஸ்கிரிப்டுக்கென்று தனிக் கணக்கும் அதற்கு ஒரு கீடேப் கோப்பும் (கணக்கின் சாவி இருக்கும் கோப்பு) உருவாக்கி, 600 அனுமதியில் வைத்து, ஸ்கிரிப்டின் தொடக்கத்தில் "கேஇனிட்" அதைக் காட்டி டிக்கெட் வாங்கட்டும். மவுன்டை ரூட் ஏற்றி, டிக்கெட் வேறு பயனரிடம் இருந்தால் "சிஆர்யூஐடி" தெரிவில் அந்தப் பயனரைச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் ரூட்டின் பையைத் துழாவிவிட்டு இல்லை என்று திரும்பும். சர்வரை ஐபி எண்ணால் அழைத்தாலும் கெர்பரோஸ் தடுமாறும், பெயரால் அழையுங்கள். இரு கணினிகளின் கடிகாரமும் 5 நிமிடத்துக்கு மேல் விலகியிருந்தால் டிக்கெட் செல்லாது. டிக்கெட் இருந்தும் 126 வந்தால், "கீயூட்டில்ஸ்" தொகுப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

இத்தனை சிரமம் எதற்கு என்று தோன்றும். கெர்பரோஸில் பாஸ்வேர்டு கம்பியில் எந்த வடிவத்திலும் போவதில்லை. அதற்காகப் படலாம்.

"டிஎஃப்" தட்டினால் திரை உறைகிறது

ஏறியிருந்த ஷேரின் சர்வர் நடுவில் காணாமல் போனால் இப்படி ஆகும். அதைத் தொட்ட ஒவ்வொரு நிரலும் டி நிலையில், பதிலுக்காகக் காத்து உறைந்து நிற்கும். சாதாரணக் கில்லுக்குச் சாகாது, சில சமயம் கில் 9 போட்டாலும் சாகாது. "யூமவுன்ட்" கட்டளைக்குச் சின்ன எழுத்து எல் தெரிவைக் கொடுத்தால் கோப்புறை மரத்திலிருந்து உடனே கழன்றுவிடும், ஆனால் கோப்பைத் திறந்து வைத்திருந்த நிரல்கள் இன்னும் தொங்கிக்கொண்டிருக்கலாம். அதைப் பார்க்காமல் மறுபடி ஏற்றாதீர்கள். சிஃப்ஸ் இயல்பாகவே "சாஃப்ட்", கொஞ்ச நேரத்தில் எரர் தந்துவிடும். லினக்ஸ் உலகின் இன்னொரு பகிர்வு முறையான என்எஃப்எஸ் இயல்பாக "ஹார்ட்", சர்வர் வரும்வரை காத்திருக்கும். ஸ்கிரிப்டில் ஷேரைத் தொடும் முதல் கட்டளைக்கு முன்னால் "டைம்அவுட்" 10 என்று, சின்ன எழுத்து எஸ் தெரிவில் "கில்" என்றும் கொடுத்துப் போட்டுவையுங்கள்.

சர்வரே பூட் ஆகாமல் எமர்ஜென்சி மோடில் நின்றால், எஃப்எஸ்டேப் வரியில் "நோஃபெயில்", "_நெட்டெவ்" இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள்.

எஸ்எஸ்எச்எஃப்எஸ்: "ஹோஸ்ட் கீ வெரிஃபிகேஷன் ஃபெயில்ட்"

எஸ்எஸ்எச்எஃப்எஸ் என்பது எஸ்எஸ்எச் வழியாகவே தொலைவுக் கோப்புறையை ஏற்றும் முறை. கையால் ஒரு முறை போய் "யெஸ்" தட்டியிருப்பீர்கள். அது உங்கள் கணக்கின் நோன் ஹோஸ்ட்ஸ் கோப்பில் பதிந்தது. கிரான் வேறு பயனராக ஓடுகிறது, அவருக்கு அந்த சர்வர் அந்நியம். இதற்காக சரிபார்ப்பையே அணைத்தால், இடையில் உட்கார்ந்து சர்வர்போல் நடிப்பவரிடம் உங்கள் கோப்புகளை நீங்களே கொடுப்பதாகிவிடும். சர்வரின் கன்சோலில் அதன் சாவியின் கைரேகையைப் பார்த்து, நீங்கள் வாங்கிய சாவியோடு ஒப்பிட்டு, கிரான் பயனரின் கோப்பில் நீங்களே சேருங்கள். "பேட்ச்மோட்" தெரிவையும் "யெஸ்" என்று வையுங்கள். எதையாவது கேட்டுக்கொண்டு விடியும்வரை நிற்காது.

ஏறியபின் ரூட்டுக்கே "பெர்மிஷன் டினைட்" வந்தால் பதற வேண்டாம். எஸ்எஸ்எச்எஃப்எஸ் போன்ற ஃபியூஸ் மவுன்டை ஏற்றியவர் தவிர வேறு யாரும், ரூட் உட்பட, பார்க்க முடியாது என்பதுதான் இயல்பு.

விண்டோஸ்: உள்ளே போகிறது, அடுத்த சர்வரைத் தொட்டால் எரர் 5

எஸ்எஸ்எச் சாவியாலோ பவர்ஷெல் ரிமோட்டிங்காலோ முதல் சர்வருக்குள் போய்விட்டீர்கள். அங்கிருந்து இரண்டாவது சர்வரின் ஷேரைத் தொட்டால் "அக்சஸ் இஸ் டினைட்". அதே கட்டளையை அதே சர்வரின் திரைமுன் உட்கார்ந்து தட்டினால் ஓடுகிறது. இதற்கு டபுள் ஹாப் என்று பெயர். முதல் சர்வர் உங்களை நம்பி உள்ளே விட்டது. ஆனால் இரண்டாவது சர்வரிடம் உங்களுக்காகக் காட்ட அதன் கையில் எதுவும் இல்லை, ஏனென்றால் உங்கள் பாஸ்வேர்டு அதனிடம் வரவே இல்லை. அது வராதது நல்லதுதான்.

"கிரெட்எஸ்எஸ்பி" இயக்கச் சொல்லிப் பலர் அறிவுறுத்துவார்கள். அது உங்கள் பாஸ்வேர்டையே முதல் சர்வரிடம் ஒப்படைத்துவிடும். அந்த சர்வரைக் கைப்பற்றியவருக்கு அதுவும் கிடைக்கும். டொமைன் இருந்தால் மிகச் சுத்தமான வழி, வேலையை அந்த சர்வரிலேயே ஒரு ஷெட்யூல்டு டாஸ்காக வைத்து, குரூப் மேனேஜ்டு சர்வீஸ் அக்கவுன்டின் பெயரில் ஓட்டுவது. அதன் பாஸ்வேர்டை ஆக்டிவ் டைரக்டரியே உருவாக்கி, இயல்பாக 30 நாளுக்கு ஒரு முறை மாற்றிக்கொள்ளும். எந்த மனிதருக்கும் அது தெரியாது, எந்தக் கோப்பிலும் இருக்காது. தொலைவிலிருந்துதான் ஓட்டியாக வேண்டும் என்றால், ரிசோர்ஸ் பேஸ்டு கன்ஸ்ட்ரெயின்ட் டெலிகேஷன் (முதல் சர்வர் உங்கள் பெயரில் வர இரண்டாவது சர்வர் அனுமதிக்கும் ஏற்பாடு) விண்டோஸ் சர்வர் 2012 முதல் இருக்கிறது.

டொமைனே இல்லாத சின்ன அலுவலகம் என்றால், "நியூ பிஎஸ்டிரைவ்" கட்டளைக்குக் கிரெடென்ஷியலை நேரடியாகக் கொடுங்கள், "பெர்சிஸ்ட்" இல்லாமல். அதைச் சேமிக்க "எக்ஸ்போர்ட் சிஎல்ஐஎக்ஸ்எம்எல்" பயன்படுத்தினால், விண்டோஸில் அதே பயனர் அதே கணினியில் மட்டுமே திறக்க முடிகிறமாதிரி குறியாக்கம் ஆகும். ஒரு எச்சரிக்கை: லினக்ஸில் ஓடும் பவர்ஷெல்லில் இதே கட்டளை குறியாக்கம் செய்யாது.

மற்ற எண்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1219 என்றால் அதே சர்வருக்கு வேறு பெயரில் ஏற்கெனவே ஓர் இணைப்பு இருக்கிறது. "நெட் யூஸ்" பட்டியலைப் பார்த்துப் பழையதை நீக்குங்கள். 1272 என்றால் பாஸ்வேர்டு இல்லாத கெஸ்ட் ஷேரை விண்டோஸ் மறுக்கிறது. பாலிசியைத் தளர்த்த வேண்டாம், ஷேருக்குக் கணக்கு வையுங்கள். எஸ்எஸ்எச்-இல் ஏற்றிய இசட் டிரைவ் திரையில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியவில்லை என்றால் அது பிழையே இல்லை. டிரைவ் எழுத்து ஒவ்வொரு லாகானுக்கும் தனி. ஸ்கிரிப்டில் எழுத்தை நம்பாமல் சர்வர் பெயரோடு முழுப் பாதையை எழுதுங்கள்.

பத்து சர்வரில் முதல் சர்வரில் மட்டும் ஏறுகிறது

பட்டியல் கோப்பில் பத்துப் பெயர்கள். "வைல் ரீட்" சுழலில் ஒவ்வொன்றாகப் படித்து எஸ்எஸ்எச் போடுகிறீர்கள். முதல் சர்வரில் வேலை முடிகிறது, ஸ்கிரிப்டும் எரர் இல்லாமல் முடிந்துவிடுகிறது. மற்ற ஒன்பது என்ன ஆயின? முதல் எஸ்எஸ்எச் தன் உள்ளீட்டைப் படிக்கும்போது மீதி ஒன்பது பெயர்களையும் சேர்த்துக் குடித்துவிட்டது. சுழலுக்குப் படிக்க எதுவும் மிஞ்சவில்லை.

எஸ்எஸ்எச்-க்குச் சின்ன எழுத்து என் தெரிவைக் கொடுத்தால் அது உள்ளீட்டைத் தொடாது. ஆனால் மேலே சொன்னபடி பாஸ்வேர்டை உள்ளீட்டு வழியாக அனுப்புகிறீர்கள் என்றால் இந்தத் தெரிவு அதையும் அடைத்துவிடும். அப்போது பட்டியலை 3-ஆம் எண் டிஸ்கிரிப்டரில் திறந்து, ரீட் கட்டளையை அதிலிருந்து படிக்கச் சொல்லுங்கள். எஸ்எஸ்எச்-இன் உள்ளீடு பாஸ்வேர்டுக்கு மட்டும் மிஞ்சும்.